அமெரிக்க அரசு முடங்கினால் சமூக வானொலியின் உரிமமும் விண்ணப்பங்களும் என்னாகும்? முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் அக்டோபர் 1 புது நிதியாண்டின் முதல் நாள். அதற்குள் காங்கிரஸ் செலவுக்கு ஒப்புதல் தராவிட்டால் மத்திய அரசின் பல அலுவலகங்கள் பூட்டப்படும். வானொலி உரிமங்களைக் கையாளும் எஃப்.சி.சி. ஆணையமும் அவற்றில் ஒன்று. பெரிய வானொலி நிறுவனங்களுக்கு இது பெரிய தலைவலி இல்லை. அவர்களுக்கு வாஷிங்டனில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். எந்தப் படிவத்தை என்ன செய்வது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தேவாலயத்தின் அடித்தளத்திலோ பள்ளிக்கூடத்தின் ஓர் அறையிலோ தன்னார்வலர்களை வைத்து ஓடும் சமூக வானொலிக்கு அந்த வசதி கிடையாது. அங்கே படிவங்களைப் பார்க்கிறவர் பெரும்பாலும் வேறு வேலைக்குப் போய்வந்து இரவில் உட்கார்ந்து பார்ப்பவர். இந்த வழிகாட்டி அவருக்கானது. அப்படிப்பட்ட நிலையத்தில் வாரம் ஒரு தமிழ் நிகழ்ச்சி நடத்திக்கொண்டு, நிர்வாகக் குழுவிலும் இடம்பிடித்திருக்கும் நம்மவர்களுக்கும்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “அலுவலகமே மூடிக் கிடக்கிறது, அப்புறம் என்ன கெடு?” என்று நினைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. முடக்கத்தால் சில தேதிகள் தள்ளிப்போகும். சில தேதிகள் ஒரு நாள்கூட நகராது, அவற்றில் ஒன்றைத் தவறவிட்டால் உரிமமே போய்விடும். எது எந்த வகை என்று தெரிந்துவைத்திருப்பதுதான் இங்கே முக்கியமான வேலை.

ஏன் மூடுகிறார்கள், எப்போது மூடுகிறார்கள்

காங்கிரஸ் ஒதுக்காத பணத்தை அரசு அலுவலகம் செலவழிக்கக் கூடாது என்ற சட்டம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. ஆனாலும் 1980 வரை ஒதுக்கீடு தாமதமானால் அலுவலகங்கள் சிக்கனமாக நடந்துகொண்டுதான் இருந்தன. 1980-இலும் 1981-இன் தொடக்கத்திலும் அன்றைய அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி தந்த சட்டக் கருத்துகள் நிலைமையை மாற்றின. ஒதுக்கீடு இல்லையென்றால் உயிரையும் உடைமையையும் காக்கும் வேலைகள் தவிர மற்றவற்றை நிறுத்த வேண்டும் என்பது அவற்றின் சாரம். எஃப்.சி.சி. தன் செலவுக்கான பணத்தை உரிமதாரர்களிடமிருந்தே கட்டணமாக வசூலிக்கிறது. இருந்தாலும் அதைச் செலவழிக்கக் காங்கிரஸின் ஒப்புதல் வேண்டும் என்பதால் அதுவும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது.

சமூக வானொலிக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய முடக்கங்கள் மூன்று. 2013 அக்டோபர் 1 முதல் 16 வரை ஒன்று. 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாள் நீடித்தது இன்னொன்று. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் நீடித்து, அதுவரை இருந்தவற்றிலேயே மிக நீளமானது மூன்றாவது. நடுவில் உள்ளதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அரசு டிசம்பர் 22-ஆம் தேதியே முடங்கினாலும், எஃப்.சி.சி. கையிருப்புப் பணத்தை வைத்து ஜனவரி 3 நண்பகல் வரை இயங்கியது. அதனால் தொலைக்காட்சியில் “அரசு முடங்கியது” என்று செய்தி வந்ததை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். ஆணையம் எந்த நாள், எந்த மணிக்கு மூடுகிறது என்று அதன் சொந்த அறிவிப்பில் பாருங்கள்.

படி 1: உங்கள் நிலையம் எந்த வகை?

“சமூக வானொலி” என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு, இரண்டின் கடமைகளும் வேறு வேறு.

முதல் வகை, எல்.பி.எஃப்.எம். எனப்படும் குறைந்த திறன் பண்பலை. 2000-ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட சேவை இது. அதிகபட்சம் 100 வாட், சுமார் 5.6 கிலோமீட்டர் தூரம் வரை கேட்கும். ஓர் ஊர், அல்லது பெருநகரில் ஒரு பேட்டை. 2011 ஜனவரியில் ஒபாமா கையெழுத்திட்ட உள்ளூர் சமூக வானொலிச் சட்டத்துக்குப் பிறகுதான் பெரிய நகரங்களுக்குள் இவை அதிகம் நுழைய முடிந்தது.

இரண்டாவது வகை, முழுத் திறன் கொண்ட வணிகம் சாராத கல்வி நிலையங்கள். போர்ட்லாந்தின் கே.பி.ஓ.ஓ., மேடிசனின் டபிள்யூ.ஓ.ஆர்.டி., 1949 முதல் ஒலிபரப்பும் பெர்க்லியின் கே.பி.எஃப்.ஏ. எல்லாம் இந்த வகை.

இரண்டாம் வகை நிலையங்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொது ஆய்வுக் கோப்பை இணையத்தில் வைத்திருக்க வேண்டும். அந்தக் காலாண்டில் ஊரின் எந்தப் பிரச்சினைகளைப் பற்றி என்ன நிகழ்ச்சி போட்டார்கள் என்ற பட்டியலை ஜனவரி 10, ஏப்ரல் 10, ஜூலை 10, அக்டோபர் 10 ஆகிய நாட்களுக்குள் அதில் ஏற்ற வேண்டும். குறைந்த திறன் நிலையங்களுக்கு இந்தக் கடமை இல்லை. இப்போது மூன்று முடக்கங்களின் தேதிகளையும் மறுபடி பாருங்கள். 2013-இலும் 2025-இலும் அக்டோபர் 10 முடக்கத்துக்குள் விழுந்தது. 2019-இல் ஜனவரி 10 விழுந்தது. நிதியாண்டின் கணக்கும் இந்தப் பட்டியலின் கணக்கும் மோதுவது தற்செயல் இல்லை, இனியும் மோதும். அதனால் முழுத் திறன் நிலையங்களுக்கு என் ஆலோசனை ஒன்றுதான்: காலாண்டு முடியும் வரை காத்திருந்து பட்டியல் எழுதாதீர்கள். வாரந்தோறும் எழுதிவந்தால் செப்டம்பர் 30 இரவு கடைசி வரியைச் சேர்த்து உடனே ஏற்றிவிடலாம்.

இரு வகைக்கும் பொதுவான ஒரு நல்ல செய்தி: வணிகம் சாராத நிலையங்களுக்கு விண்ணப்பக் கட்டணமும் ஆண்டுக் கட்டணமும் இல்லை. ஆகவே கட்டணக் கெடுக்களைப் பற்றிய அறிவிப்புகளைப் பார்த்துப் பதற வேண்டாம்.

படி 2: தேதிகளை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது கணினியில் ஓர் அட்டவணை திறந்துகொள்ளுங்கள். அடுத்த ஒன்றரை ஆண்டில் உங்கள் நிலையத்துக்கு வரும் எல்லாத் தேதிகளையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வி: இந்தத் தேதியை வைத்தது ஆணையமா, காங்கிரஸா?

ஆணையம் தானே வைத்த கெடுவை ஆணையம் தள்ளிவைக்கலாம். 2013-இல் அலுவலகம் திறந்ததும் அப்படித்தான் செய்தார்கள். அக்டோபர் 1 முதல் 6 வரை கெடு இருந்தவற்றை அக்டோபர் 22-க்கு மாற்றினார்கள். அதற்குப் பிந்தைய பலவற்றுக்கு, மூடியிருந்த அதே 16 நாட்களைக் கூட்டித் தந்தார்கள். ஆனால் ஒவ்வொரு முடக்கத்திலும் கணக்கு ஒரே மாதிரி இருப்பதில்லை. போனமுறை 16 நாள் கிடைத்தது, இம்முறையும் கிடைக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது.

காங்கிரஸ் சட்டத்தில் எழுதிவைத்த தேதி வேறு ரகம். அதில் மிகக் கொடியது தகவல்தொடர்புச் சட்டத்தின் 312(ஜி) பிரிவு. ஒரு நிலையம் தொடர்ந்து 12 மாதம் ஒலிபரப்பாமல் இருந்தால் அதன் உரிமம் தானாகவே காலாவதியாகும். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை, கடிதம் அனுப்ப வேண்டியதில்லை.

இது முடக்கத்தோடு எப்படி மோதும் என்று பாருங்கள். ஒரு நிலையம் கோபுர இடத்தின் குத்தகையை இழந்து 2024 நவம்பர் 5-இல் ஒலிபரப்பை நிறுத்தியது என்று வைத்துக்கொள்வோம். புது இடம் தேடி, ஆன்டெனா வாங்கி, இடமாற்ற விண்ணப்பம் போடவே அடுத்த செப்டம்பர் ஆகிவிட்டது. அக்டோபர் 1 அன்று ஆணையம் மூடுகிறது. விண்ணப்பத்தைப் பார்க்க ஆள் இல்லை. 12 மாதம் முடியும் 2025 நவம்பர் 5, ஆணையம் மூடிய 36-ஆவது நாள். அனுமதி இல்லாமல் புது இடத்திலிருந்து ஒலிபரப்பினாலும் பயனில்லை. அனுமதியில்லாத ஒலிபரப்பை ஆணையம் ஒலிபரப்பாகவே கணக்கில் எடுப்பதில்லை. நியாயம் கருதி உரிமத்தை மீட்டுத்தர ஆணையத்துக்குச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அதை அவர்கள் அரிதாகவே பயன்படுத்துகிறார்கள். அதை நம்பி ஒரு நிலையத்தைப் பணயம் வைக்க முடியாது.

ஆகவே ஒலிபரப்பு நின்றுபோன நிலையம் வைத்திருப்பவர்கள் 12-ஆவது மாதத்தைக் கெடுவாக நினைக்காதீர்கள். நின்ற காலத்துக்குள் அக்டோபர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் செப்டம்பர்தான் உங்கள் கெடு. தற்காலிக அனுமதி கேட்டாவது, உரிமத்தில் உள்ள இடத்திலேயே தற்காலிகமாக ஏற்பாடு செய்தாவது, அதற்குள் முறையான ஒலிபரப்பைத் தொடங்கிவிடுங்கள்.

மறுபரிசீலனை மனுவும் சட்டம் வைத்த கெடுதான்: பொது அறிவிப்பு வெளியானதிலிருந்து 30 நாள். இங்கே கணக்குப் போடுவதில் பலரும் தடுமாறுகிறார்கள். ஆணையத்தின் விதிப்படி, அலுவலகம் மூடியிருக்கும் நாள் விடுமுறை நாளாகக் கருதப்படும். கெடு விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலைநாளுக்குப் போகும். அவ்வளவுதான். நடுவில் வந்த விடுமுறை நாட்கள் 30-இலிருந்து கழிக்கப்படாது. ஆணையம் அக்டோபர் 1 முதல் 16 வரை மூடியிருக்கிறது என்று கொள்வோம். உங்கள் விண்ணப்பத்தை நிராகரித்த அறிவிப்பு செப்டம்பர் 10-இல் வந்திருந்தால் 30-ஆவது நாள் அக்டோபர் 10, மூடிய காலத்துக்குள். ஆகவே 17-ஆம் தேதி கொடுக்கலாம். அதே அறிவிப்பு செப்டம்பர் 18-இல் வந்திருந்தால் 30-ஆவது நாள் அக்டோபர் 18, அலுவலகம் திறந்த மறுநாள். “16 நாள் மூடியிருந்தார்களே, நவம்பர் வரை நேரம் இருக்கும்” என்று நினைத்தவர் மனுவையே இழப்பார்.

படி 3: கட்டுமான அனுமதி கையில் இருப்பவர்களுக்கு

புதிதாக நிலையம் தொடங்குகிறவருக்கு முதலில் கிடைப்பது கட்டுமான அனுமதி. அதன் ஆயுள் 3 ஆண்டு. குறைந்த திறன் நிலையங்களுக்கு முன்பு 18 மாதம்தான் தந்தார்கள், 2020-இல்தான் 3 ஆண்டாக்கினார்கள். அதற்குள் கோபுரம், ஆன்டெனா, ஒலிபரப்பி எல்லாம் நிறுவி முடித்து, உரிமத்துக்கான விண்ணப்பத்தையும் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் அனுமதி தானாகவே ரத்தாகும்.

2023 டிசம்பரில் நடந்த குறைந்த திறன் நிலைய விண்ணப்பச் சுற்றில் 1,300-க்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் 2024-இல் அனுமதி பெற்றவர்களுக்கு 2027-இல் கெடு வருகிறது. நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்றால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

கால அளவை நிறுத்திவைக்க விதியில் சில காரணங்கள் உண்டு: இயற்கைச் சீற்றம், அந்த அனுமதியின் மேல் நடக்கும் வழக்கு அல்லது மேல்முறையீடு, அனுமதியிலேயே எழுதப்பட்ட ஒரு முன்நிபந்தனை நிறைவேறாமல் இருப்பது. அந்தப் பட்டியலில் அரசு முடக்கம் என்று ஒரு வரி இல்லை. விண்ணப்பம் கொடுக்கும் நாள் வேண்டுமானால் விடுமுறை விதியால் நகரலாம். கட்டி முடித்திருக்க வேண்டிய நாளும் அதோடு சேர்ந்து நகரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கெடு நாளுக்குள் வேலையை முடியுங்கள், முடித்ததற்குச் சாட்சியும் வைத்துக்கொள்ளுங்கள்: ஆன்டெனா ஏற்றிய நாளின் தேதியிட்ட படங்கள், கோபுரம் ஏறியவரின் ரசீது, ஒலிபரப்பியின் திறன் அளவைக் காட்டும் படம், பொறியாளர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் குறிப்பு. எல்லாத் திசைக்கும் சமமாக வீசும் ஆன்டெனா என்றால் கட்டி முடித்ததும் சோதனை ஒலிபரப்பைத் தொடங்கி, 10 நாளுக்குள் உரிம விண்ணப்பத்தைக் கொடுக்கும் முறை இருக்கிறது. அந்த 10 நாளும் கெடு முடிவதற்குள் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் மாற்ற வேண்டியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மாற்றத்துக்கான அனுமதி வராமல் புது இடத்தில் கட்டக் கூடாது. முடக்கம் வந்தால் அந்த அனுமதி நிச்சயம் தாமதமாகும். கட்டுமான அனுமதியின் கடைசி ஆறு மாதத்தில் இடமாற்றம் கேட்பதே சிக்கல்தான். நடுவில் அக்டோபர் வந்தால் அது இன்னும் சிக்கல். கோபுரம் 200 அடிக்கு மேல் என்றால் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஒப்புதலும் வேண்டும். அதுவும் மத்திய அரசு அலுவலகம்தான்.

படி 4: உரிமப் புதுப்பிப்பு

வானொலி உரிமத்தின் காலம் 8 ஆண்டு. மாநிலவாரியாகச் சுற்று நடக்கும். அடுத்த சுற்று 2027 ஜூன் 1-இல் வாஷிங்டன் டி.சி., மேரிலாந்து, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா ஆகியவற்றிலிருந்து தொடங்குகிறது. ஆகஸ்டில் வடக்கு, தெற்குக் கரோலினா. அதற்கு அடுத்த முறை புளோரிடா, போர்ட்டோ ரிக்கோ, விர்ஜின் தீவுகள். அவர்கள் விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள் 2027 அக்டோபர் 1. ஆம், நிதியாண்டின் முதல் நாளேதான். புளோரிடாவில் இருக்கும் சமூக வானொலி நண்பர்கள் அந்த விண்ணப்பத்தைச் செப்டம்பரிலேயே கொடுத்துவிட வேண்டும் என்று இப்போதே நாட்காட்டியில் எழுதிவையுங்கள். ஜார்ஜியாவும் அலபாமாவும் டிசம்பர் 1. 2025-இன் முடக்கம் நவம்பர் நடுப்பகுதி வரை இழுத்ததை வைத்துப் பார்த்தால் அவர்களும் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

முடக்கத்துக்கு முன்பே விண்ணப்பம் கொடுத்தவர்கள் நிம்மதியாக இருக்கலாம். புதுப்பிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை பழைய உரிமம் செல்லும் என்று சட்டமே சொல்கிறது. உரிமத்தில் அச்சிட்ட தேதி தாண்டினாலும் ஒலிபரப்பலாம். இந்தப் பாதுகாப்பு விண்ணப்பம் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான். கெடுவைத் தவறவிட்டால், தேவையான படிவத்தைக் கொடுக்காததற்கான அடிப்படை அபராதம் 3,000 டாலர். சிறிய நிலையத்துக்கு அது பல மாத மின்கட்டணம்.

படி 5: மூடுவதற்கு முந்தைய இரண்டு வாரம்

செப்டம்பர் நடுவில் காங்கிரஸ் இன்னும் சண்டைபோட்டுக்கொண்டிருந்தால் இந்த வேலைகளைத் தொடங்குங்கள்.

விண்ணப்பங்களை இணையத்தில் கொடுக்கும் ஆணையத்தின் எல்.எம்.எஸ். தளத்தில் உங்கள் கணக்கும் கடவுச்சொல்லும் வேலை செய்கின்றனவா என்று உள்ளே போய்ப் பாருங்கள். சமூக வானொலிகளில் இது பெரிய பிரச்சினை. மூன்று வருடம் முன்பு விலகிப்போன ஒருவரின் மின்னஞ்சலில்தான் கணக்கு பதிவாகியிருக்கும். முடக்கத்தின்போது கடவுச்சொல்லை மீட்டுத்தர உதவி மையத்தில் ஆள் இருக்க மாட்டார்.

உரிமம், கட்டுமான அனுமதி, நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள், தற்காலிக அனுமதிக் கடிதங்கள் எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக இறக்கி, நிலையத்தில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வையுங்கள். 2013-இல் ஆணையத்தின் இணையதளமே மறைந்து ஓர் அறிவிப்புப் பக்கம் மட்டும் மிஞ்சியது. பிந்தைய முடக்கங்களில் தளத்தின் பகுதிகள் இயங்கின என்றாலும், எது இருக்கும் எது இருக்காது என்பதை மூடும் அன்றுதான் சொல்கிறார்கள்.

அக்டோபரிலும் நவம்பரிலும் கெடு உள்ள எதையும் இப்போதே கொடுக்க முடியுமானால் கொடுத்துவிடுங்கள். தற்காலிக அனுமதி முடியப்போகிறது என்றால் நீட்டிப்பை இப்போதே கேளுங்கள். விண்ணப்ப எண் கையில் இருப்பது பெரிய தெம்பு.

படி 6: மூடிய அன்று

ஆணையம் ஒரு பொது அறிவிப்பு வெளியிடும். அதை முழுதாகப் படியுங்கள். யாரோ சுருக்கி எழுதியதை மட்டும் நம்பாதீர்கள். அதில் தேட வேண்டியவை: எந்தத் தளங்கள் திறந்திருக்கும், திறந்திருக்கும் தளத்தில் கொடுக்கும் விண்ணப்பம் எந்த நாளில் பெறப்பட்டதாகக் கருதப்படும், தள்ளிவைத்த கெடுக்கள் அலுவலகம் திறந்து எத்தனையாவது நாளில் வரும், தற்காலிக அனுமதிகளைப் பற்றித் தனிப் பத்தி இருக்கிறதா.

“எந்த நாளில் பெறப்பட்டது” என்பதை லேசாக விடாதீர்கள். சிறு மாற்ற விண்ணப்பங்களில் முதலில் கொடுத்தவருக்கே முன்னுரிமை. மூடிய காலத்தில் தளம் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டாலும், எல்லாவற்றையும் திறந்த நாளில் வந்ததாகக் கணக்கிட்டால், உங்களுக்கு ஒரு வாரம் பின்னால் கொடுத்தவரும் நீங்களும் ஒரே வரிசையில் நிற்பீர்கள். அறிவிப்பின் வாசகத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்தும் வையுங்கள்.

இன்னொன்று, முடக்கக் காலத்தில் மத்திய அரசிதழ் அவசியமானவற்றை மட்டுமே வெளியிடும். புது விதிகள் நடைமுறைக்கு வரும் நாளும், அவற்றின் மேல் கருத்துச் சொல்லும் கால அளவும் பெரும்பாலும் அரசிதழில் வெளியான நாளிலிருந்தே எண்ணப்படுவதால் அவையும் தாமதமாகும்.

படி 7: மூடியிருக்கும்போது ஒலிபரப்பில் என்ன செய்ய வேண்டும்

வழக்கம்போல ஒலிபரப்புங்கள். உங்கள் உரிமம் அப்படியே செல்லும். விதிகளும் அப்படியே. மணிக்கொரு முறை நிலையப் பெயரும் ஊரும் சொல்வது, அவசர எச்சரிக்கைச் சோதனைகளைப் பெற்றுப் பதிவேட்டில் குறிப்பது, அனுமதித்த திறனுக்குள் நிற்பது எதுவும் மாறவில்லை. கோபுர விளக்கு அணைந்து 30 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு உடனே சொல்ல வேண்டும். இது விமானங்களின் பாதுகாப்பு, இதில் முடக்கம் என்ற பேச்சே இல்லை.

ஒலிபரப்பு நின்றால் 10 நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், 30 நாளுக்கு மேல் போனால் அனுமதி கேட்க வேண்டும். தளம் திறந்திருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் கடிதத்தை எழுதி, தேதியிட்டு, தளம் கிடைக்கவில்லை என்பதைக் காட்டும் கணினித் திரையின் படத்தோடு (ஸ்கிரீன்ஷாட்) கோப்பில் வையுங்கள். திறந்த முதல் நாள் அனுப்புங்கள். புயல் மாதிரி அவசரத்தில் உயிர்காப்பு சார்ந்த விஷயம் என்றால் ஆணையத்தின் 24 மணி நேர இயக்க மையத்தை அழைக்கலாம். வழக்கமான விண்ணப்பம் பற்றி அங்கே கேட்காதீர்கள்.

நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை மாறும் தேர்தல், நிலையத்தை வேறு அமைப்புக்கு மாற்றுவது போன்றவற்றுக்கு ஆணையத்தின் முன் ஒப்புதல் தேவைப்படலாம். ஒப்புதல் நிலுவையில் இருக்கும்போது கைமாற்றம் செய்யாதீர்கள். புதிய நிலைய விண்ணப்பம் ஏற்கப்பட்டதாக அறிவிப்பு வந்த பிறகு வெளியிட வேண்டிய பொது அறிவிப்புகளுக்கும் இதே நிதானம் வேண்டும். ஆணையம் ஏற்பு அறிவிப்பு வெளியிட்ட பிறகுதான் அவை தொடங்க வேண்டும். முடக்கத்தில் அந்த அறிவிப்பு வராது, ஆகவே நீங்களும் முந்திக்கொள்ள வேண்டாம்.

படி 8: புதிய நிலையத்துக்கு விண்ணப்பிக்கக் காத்திருப்பவர்களுக்கு

இவர்களுக்குத்தான் 2013 நடந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிய குறைந்த திறன் நிலையங்களுக்கு எந்நாளும் விண்ணப்பிக்க முடியாது. பல ஆண்டுக்கு ஒருமுறை சில நாட்கள் மட்டும் கதவு திறக்கும். உள்ளூர் சமூக வானொலிச் சட்டத்துக்குப் பிந்தைய முதல் பெரிய வாய்ப்பு 2013 அக்டோபர் 15 முதல் 29 வரை என்று அறிவித்திருந்தார்கள். பத்தாண்டுக்கு மேல் காத்திருந்த குழுக்கள், அவர்களுக்குப் பயிற்சி தந்துவந்த பிராமிதியஸ் ரேடியோ புராஜெக்ட் போன்ற அமைப்புகள் எல்லோரும் அந்தத் தேதியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தபோது, அக்டோபர் 1 அன்று ஆணையம் மூடியது. விண்ணப்பத் தளமும் இல்லை, கேள்வி கேட்க ஆளும் இல்லை. 15-ஆம் தேதி வந்து போனது, கதவு திறக்கவில்லை. 17-ஆம் தேதி அலுவலகம் திரும்பியதும் புது அறிவிப்பு வந்தது: விண்ணப்பம் அன்றே தொடங்குகிறது, நவம்பர் 14 வரை நேரம் உண்டு. கடைசியில் தளக் கோளாறால் இன்னொரு நாளும் கொடுத்தார்கள். 2,800-க்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்தன.

அந்த முறை விண்ணப்பதாரர்களுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது. ஆனால் அன்று தயாராக இருந்தவர்கள் யார் என்று பார்த்தால், ஆணையத்தின் உதவி தேவைப்படாத வேலைகளை முன்பே முடித்தவர்கள்தான். நீங்களும் அதையே செய்யலாம். விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் அமைப்பு லாபநோக்கமற்றதாக மாநிலச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். அது மாநில அரசின் வேலை, மத்திய முடக்கம் அதைத் தொடாது. மத்திய வருமானவரித் துறையின் வரிவிலக்குச் சான்று விண்ணப்பிக்கும் தகுதிக்குக் கட்டாயமில்லை, ஆகவே அந்தத் துறை மூடியிருக்கிறது என்று சோர்ந்துபோகத் தேவையில்லை. கோபுரம் வைக்கும் இடத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஆணையத்தில் பதிவு எண் எடுத்துவையுங்கள். எந்த அலைவரிசை கிடைக்கும் என்ற பொறியியல் ஆய்வை முடித்து, அதன் விவரங்களைக் கணினியில் இறக்கிவையுங்கள்.

படி 9: கதவு திறந்த பிறகு

முதல் நாள் புது அறிவிப்பு வரும். அதிலுள்ள திருத்திய தேதிகளை உங்கள் அட்டவணையில் பழைய தேதிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். சட்டம் வைத்த கெடுக்களை முதலில் கொடுங்கள். தள்ளிவைத்தவற்றை அடுத்து. எல்லோரும் ஒரே நாளில் நுழைவதால் தளம் தடுமாறும். கடைசி நாள் மாலை வரை வைத்திருக்க வேண்டாம்.

மூடிய காலத்தில் கொடுத்த ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எல்.எம்.எஸ். தளத்தில் தேடி, கோப்பு எண்ணும் பெறப்பட்ட தேதியும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். தவறு இருந்தால், சேமித்துவைத்த அறிவிப்புப் பக்கத்தையும் ஆதாரப் படங்களையும் இணைத்து ஊடகப் பிரிவுக்கு எழுதுங்கள். தேங்கியவை குவிந்திருப்பதால் பதில் வர வாரங்கள் ஆகலாம்.

ஒப்புதல் வந்த பிறகும் ஒரு கணக்கு மிச்சம். பொது அறிவிப்பு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் யாரும் மறுபரிசீலனை கேட்கலாம், 40 நாளுக்குள் ஆணையமே தன் ஊழியர்களின் முடிவை மறுபடி பார்க்கலாம். அந்த 40 நாள் கழியும்வரை வங்கிக் கடனுக்கோ நன்கொடையாளருக்கோ “இறுதி ஒப்புதல் கிடைத்துவிட்டது” என்று எழுதிக்கொடுக்காதீர்கள். 40-ஆவது நாளையும் அட்டவணையில் எழுதுங்கள். அது அடுத்த அக்டோபருக்கு முன்னால் விழுகிறதா, பின்னால் விழுகிறதா என்றும் பாருங்கள்.